பட்டப்பகல் விளக்கு

அத்தியாயம் 9

"தூங்குற மனுஷன் கையைத் தூக்குவானா மேடம்?" என்று கேட்டான் உதிரி. "எங்க மாமா தூக்கத்துல பேசுவாரு, நடப்பாரு. ஒரு தடவை அத்தைகிட்ட மன்னிப்புகூடக் கேட்டிருக்காரு. ஆனா யாருக்கும் கை காட்டினது கிடையாது."

மேடம் கண்ணாடி வெட்டும் பட்டறையின் வாசலில் நின்றுகொண்டு, அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராகக் கிடந்த சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பீட்டுக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் விபத்துகளை எடைபோட்டுவிட்டு, பொய்யான காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வெளியே வந்து, ஒரு தையல்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். உதிரி அவருடைய உதவியாள். இருபது வருஷம் வண்டி உதிரி பாகக் கடையில் உட்கார்ந்து, பழைய செயினைப் புது செயின் என்றும் புது வாடிக்கையாளரைப் பழைய நண்பர் என்றும் சொல்லிப் பிழைத்தவன். கடை போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை.

மூன்று மாதத்துக்கு முன், காலை பதினோரு மணிக்கு, இந்த இடத்தில்தான் அது நடந்தது. பட்டறை சாலைக்கு இந்தப் பக்கம், கிடங்கு அந்தப் பக்கம். கண்ணாடி வெட்டுகிறவர் வழக்கம்போலக் கிடங்குக்குப் போக ரோட்டில் இறங்கினார். ரொட்டி வேன் ஒன்று வந்து அடித்தது. மழை இல்லை, பனி இல்லை, வளைவு இல்லை. பிரேக் போட்ட தடமும் இல்லை. இருபத்தாறு வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய டிரைவர், போலீஸிடம் சொன்னது ஒரே வார்த்தை: "தூங்கிட்டேன்."

நாளை காலை பத்து மணிக்குக் கோர்ட்டிலும் அதையேதான் சொல்லப்போகிறார். சொன்னால் சிறை நிச்சயம்.

செத்தவரின் மனைவி நாலு நாளுக்கு முன் மாடிப்படி ஏறி வந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவள். மற்றவர்கள் வலியைக் கேட்டுக் கேட்டுத் தன் வலியைச் சொல்லத் தெரியாமல் போனவள்.

"அன்னிக்கு அவர் மூக்குக்கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டார். ஸ்கூட்டர்ல கொண்டுபோய்ப் பட்டறை வாசல்லயே குடுத்துட்டுக் கிளம்பினேன். முனை திரும்பலை, சத்தம் கேட்டுச்சு. அந்த டிரைவருக்குத் தண்டனை கூட்டணும், குறைக்கணும்னு நான் வரலை மேடம். என் வீட்டுக்காரர் கண்ணாடி வெட்டும்போது கண்ணை இமைக்க மாட்டார். அவரை அடிச்ச ஆள் அந்த நேரத்துல எதைப் பார்த்துட்டு இருந்தார்? அது மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும்."

"தூங்கினதா சொல்றாரே?" என்றார் மேடம்.

"அதை நான் நம்பலை," என்றாள் அவள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

இன்றைக்குப் பட்டறைக் காவலாளி சொன்னது அந்த நம்பிக்கையின்மைக்கு ஒரு கால் முளைக்க வைத்தது. வேனை அவர் தூரத்திலேயே பார்த்திருக்கிறார். டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்கினார். அப்புறம் காவலாளி குனிந்து பதிவேட்டில் எழுதினார். சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இதை ஏன் போலீஸ்ல சொல்லலை?" என்றார் மேடம்.

"இடிச்சதைப் பார்த்தியான்னு கேட்டாங்கம்மா. இல்லைன்னேன். நோட்டை மூடிட்டாங்க. அதுக்கு முன்னாடி என்ன பார்த்தேன்னு யாரும் கேட்கலையே?"

"நியாயம்," என்றான் உதிரி. "கேட்ட சாமானைத்தானே எடுத்துக் குடுக்கணும்."

*

ரொட்டிக் கம்பெனியின் வண்டிக் கூடத்தில் மாவு வாசனையும் டீசல் வாசனையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. சுவரில் பெரிய பலகை: 'பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். மீறினால் நடவடிக்கை.'

"வெயில்ல விளக்கா? சூரியனுக்கு டார்ச் அடிச்சு வழி காட்டுறாங்களா?" என்றான் உதிரி.

"பகல்ல போடுற விளக்கு நீ பார்க்குறதுக்கு இல்ல," என்றார் மேடம். "உன்னை மத்தவங்க பார்க்குறதுக்கு. நேர் ரோட்டுல தூரத்துல வர்ற வண்டி நிக்குதா நகருதான்னு தெரியாது. விளக்கு எரிஞ்சா கண்ணு தானா அங்க போகும்."

"அங்க போகும், சரி. அப்போ இங்க பக்கத்துல இருக்கறவனைப் பார்க்க யார் இருக்கா? சந்தையில ஒருத்தன் கூவினா வியாபாரம் மேடம். எல்லாரும் கூவினா வெறும் சத்தம். விளக்கு இல்லாம நடந்து வர்றவன் பாவம், கூவத் தெரியாத கடைக்காரன். அவன் பக்கம் யார் திரும்புவா?"

மேடம் அவனைத் திரும்பிப் பார்த்தார். "உன் வாயிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு நல்ல வார்த்தை வருது. இந்த வருஷக் கோட்டா முடிஞ்சுது."

ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சுமையாள் பெரியவர் அந்த டிரைவரோடு பத்து வருஷம் வண்டியில் போனவர். அவர் பேரைக் கேட்டதுமே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அவரைப் 'பேட்டரி அண்ணன்'னுதான் இங்க கூப்பிடுவோம். தங்கமான மனுஷன். அவரு தூங்கினாரா? நான் தூங்கினாலே கதவைத் தட்டி எழுப்புவாரும்மா."

"பேட்டரின்னு ஏன் பேர்?"

பெரியவர் ஒரு பழைய இரும்பு அலமாரியைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட துண்டுச் சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் ஒரே கையெழுத்து: 'தங்கள் வண்டியில் விளக்கு எரிகிறது. அணைத்துவிட்டுப் போகவும். நன்றி.'

"எங்கயாவது விளக்கு எரிஞ்சபடி வண்டி நின்னா, இதுல ஒண்ணைக் கண்ணாடியில சொருகிட்டு வருவாரு. ஓனரைத் தேடி மூணு மாடி ஏறினதும் உண்டு. நான் சிரிப்பேன். அப்புறம் ஒருநாள் காரணத்தைச் சொன்னாரு. சிரிக்கிறதை விட்டுட்டேன்."

"என்ன காரணம்?"

"கல்யாணமான புதுசு. பகல்ல வண்டியை விளக்கோட நிறுத்திட்டு மறந்துட்டாரு. சாயங்காலம் சம்சாரத்துக்கு வலி எடுத்திருக்கு. வண்டி கிளம்பலை. பேட்டரி செத்துப் போச்சு. தள்ளி, முட்டி, வேற வண்டி பிடிச்சுப் போறதுக்குள்ள..." பெரியவர் தட்டை அடுக்கத் திரும்பினார். "அதுக்கப்புறம் அவங்களுக்குக் குழந்தையே இல்லை."

உதிரி குனிந்து அடுத்த தட்டை எடுத்து அவரிடம் நீட்டினான்.

*

வெளியே வந்து அவன் வண்டியைக் கிளப்பினான். பின்னால் மேடம் உட்கார்ந்தார். நூறு அடி போகவில்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் ஒரு கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்துக் குவித்து விரித்துக் குவித்துக் காட்டினார்.

"இன்னிக்கு இது ஏழாவது ஆள்!" என்று பல்லைக் கடித்தான் உதிரி. "யோவ், விளக்கு எரியுதுன்னு தெரியும்யா! புது பைக், ஸ்கூட்டருக்கெல்லாம் அணைக்கிற ஸ்விட்சே கிடையாது மேடம். இன்ஜின் ஓடினா விளக்கு எரியும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியும் தீராது. இதை நான் எத்தனை பேருக்குத்தான் நின்னு விளக்கம் சொல்றது? முதுகுல எழுதி ஒட்டிக்கவா?"

"வண்டியை நிறுத்து."

"என்னாச்சு?"

"நிறுத்து. திரும்பிப் பார்."

உதிரி திரும்பினான். அந்த சைக்கிள்காரர் பெடலை மிதித்துக்கொண்டே தலையை முழுசாகப் பின்னால் திருப்பி இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. ஓரத்தில் நின்ற தள்ளுவண்டியை உரசாத குறையாகத் தப்பித்தது.

"நாம அணைச்சோமான்னு பார்க்குறார்," என்றார் மேடம் மெதுவாக. "யோசனை சொன்னவன் எவனும் அது எடுபட்டுதான்னு திரும்பிப் பார்க்காம போக மாட்டான்."

விலை சொன்ன பிறகு வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்காத வியாபாரி உண்டா என்று உதிரி நினைத்துக்கொண்டான்.

"அப்போ அன்னிக்கு அந்த டிரைவர்..."

"கை காட்டினார். அப்புறம் திரும்பிப் பார்த்தார்."

"யாருக்குக் கை காட்டினார்? எதிர்ல விளக்கு எரிஞ்சபடி வந்தது யாரு? அந்த ஆளைப் பிடிச்சா நமக்கு சாட்சி ஆச்சே மேடம்! தூக்கமில்லைன்னு நிரூபிச்சிடலாம்!"

"முதல்ல டிரைவர் வீட்டுக்குப் போ," என்றார் மேடம். அந்தக் குரலில் கேஸ் பிடிபட்ட சந்தோஷம் துளியும் இல்லை.

*

டிரைவர் வீடு ஒரு மாடியின் பின்பக்கம். ஜன்னல் சின்னது, உள்ளே மங்கல். ஆனாலும் விளக்குப் போடவில்லை. அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். நாளைக்கு உடுத்த வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டியிருந்தாள்.

"தூங்கிட்டேன்," என்றார் டிரைவர், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே.

மேடம் எதிரே உட்கார்ந்து, பெரியவர் கொடுத்த கட்டிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை உருவி அவர் முழங்கால்மேல் வைத்தார்.

அவர் அதைப் பார்த்தார். படித்தார். தானே எழுதியதை முதன்முறை படிப்பவர் போல மறுபடியும் படித்தார்.

"அண்ணே," என்றான் உதிரி. "தூங்கினவரு கை எப்படித் தூக்கினாரு?"

டிரைவர் சீட்டை மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டார். அழுகை வெளியே வரவில்லை. உள்ளேயே எதையோ இடித்துக்கொண்டிருந்தது.

"எதிர்ல ஒரு ஸ்கூட்டர். நல்ல வெயில். விளக்கு எரியுது. கை காட்டினேன். கடந்து போச்சு. அணைச்சாங்களான்னு பக்கக் கண்ணாடியில பார்த்தேன். பின் விளக்கு எரிஞ்சுகிட்டே போகுது. சரி, கவனிக்கலை போலன்னு இன்னும் ஒரு தரம் பார்த்தேன். ரெண்டே செகண்ட் மேடம். ஓட்டுறவனுக்கு அது ரெண்டு செகண்ட். ரோட்டுல இறங்குறவனுக்கு அது ஆயுசு."

"உங்க வேன்ல விளக்கு?"

"கம்பெனியில போடச் சொல்லித்தான் பலகை வச்சிருக்காங்க. கேட்டைத் தாண்டினதும் அணைச்சிடுவேன். பகல்ல விளக்கைப் பார்த்தாலே எனக்கு அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வரும். சாம்பல் கலர் வண்டி, சாம்பல் கலர் ரோடு. எரிஞ்சிருந்தா அவரு என்னைப் பார்த்திருப்பாரோ என்னவோ. அதையும் நான்தான் அணைச்சேன்."

"இதையெல்லாம் ஏன் சொல்லாம மறைச்சீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

"இறங்கி நிக்கிறேன். முனையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் திரும்பி வருது. அந்தம்மா வண்டியை ரோட்டுலயே சாய்ச்சுப் போட்டுட்டு ஓடிவந்து அவர்மேல விழுந்தாங்க. எனக்கு அவங்க முகம் தெரியலை மேடம். கீழ கிடந்த வண்டியைத்தான் பார்த்தேன். இன்ஜின் ஓடிட்டே இருக்கு. விளக்கு..." அவர் கையை முகத்துக்குக் கொண்டுபோனார். "விளக்கு அப்பவும் எரிஞ்சுகிட்டே இருந்துச்சு."

எதிரே வந்த சாட்சியைப் பிடித்துவிடலாம் என்று உதிரி குதித்தானே, அந்த சாட்சிதான் நாலு நாளுக்கு முன் மாடிப்படி ஏறி வந்து அவன் போட்ட காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனவள்.

"எதைப் பார்த்துட்டு இருந்தேன்னு போலீஸ் கேட்டாங்க," என்றார் டிரைவர். "அந்தம்மா பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்க. உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன்மான்னு எப்படிச் சொல்றது? தூங்குறவன் எதையும் பார்க்க மாட்டான். அதோட என் தலையோட போயிடும். மேடம், உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். அவங்களுக்கு இது தெரிய வேண்டாம்."

*

"சொல்ல வேண்டாம் மேடம்," என்றான் உதிரி, செத்தவரின் மனைவி வீட்டுத் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு. வெயில் இன்னும் இறங்கவில்லை. "ஓட்டைச் சரக்கை மறைச்சு வித்தவன் நான். அது பாவம்தான். ஆனா சில சரக்கைக் கடையில எடுத்து வைக்கவே கூடாது."

"அவங்க கேட்டது ஒரே கேள்வி உதிரி."

"பதில் அவங்களைக் கொன்னுடும்."

"பொய் சொன்னா கொல்லாதா? மூணு மாசமா அதுதானே கொன்னுட்டு இருக்கு."

அவள் வாசலில் நின்றிருந்தாள், காத்திருந்தவள் போல. பக்கத்தில் ஸ்கூட்டர், சாம்பல் உறை போர்த்தியிருந்தது. உறையின் மடிப்புகளில் மூன்று மாதத் தூசி.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"அவர் தூங்கலை," என்றார் மேடம். "பக்கக் கண்ணாடியில பார்த்துட்டு இருந்தார். எதிர்ல வந்த ஒரு வண்டிக்கு விளக்கு எரியுதுன்னு கை காட்டியிருக்கார். அணைச்சாங்களான்னு பார்த்திருக்கார்."

"என்ன வண்டி?"

மேடம் ஒரு மூச்சு இழுத்தார். அந்த இடைவெளியில் உதிரி முந்திக்கொண்டான். "தெரியலைம்மா. ஏதோ ஒரு கார். நம்பர் யாரும் பார்க்கலை." இருபது வருஷத்தில் இவ்வளவு மோசமாக அவன் எதையும் விற்றதில்லை. கடைசி வார்த்தையில் குரல் நொண்டியது.

அவள் அவனையே பார்த்தாள். கோபமில்லை. "நல்ல மனசுண்ணே உங்களுக்கு," என்றாள். "அந்தக் கையை நான் பார்த்தேன்."

அவள் வலக்கையை உயர்த்திக் காட்டினாள்.

"விரலை இப்படி விரிச்சு, மூடி... தினமும் யாராவது காட்டுவாங்க. நானும் தலையாட்டிட்டுப் போவேன். நின்னு விளக்கம் சொல்ல ஏது நேரம்? அன்னிக்கும் தலையாட்டினேன். சத்தம் கேட்டுத் திரும்பி வந்தா அதே வேன். தூங்கிட்டேன்னு அவர் சொல்றார். எனக்குக் கை காட்டிட்டு அரை நிமிஷத்துல எப்படித் தூங்குவார்? என்னை நானே கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடிச்சிடும் போலிருந்துச்சு. வேற யாராவது ஒருத்தர் கண்டுபிடிச்சுச் சொன்னா, அது என் பிரமை இல்லைன்னு தெரியும். அதான் வந்தேன்."

"உங்க விளக்கு எரிஞ்சது தப்பு இல்லம்மா," என்றார் மேடம். அவர் குரல் இவ்வளவு தாழ்ந்து உதிரி கேட்டதில்லை. "எரிய வேண்டிய விளக்கு. அணைஞ்சிருந்தது அவரோட விளக்கு. அதை அவரே ஒத்துக்கிட்டார்."

"புத்திக்குத் தெரியுது மேடம்." அவள் உறையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். தூசி எழுந்து வெயிலில் நின்றது. "அவர் வீடு எங்க இருக்கு?"

"எதுக்கும்மா?" என்றான் உதிரி பதறி.

"நாளைக்குக் கோர்ட்டுல தூங்கலைன்னு அவர் சொல்லணும். சொல்லலைன்னா நான் சொல்லுவேன். எனக்காக ஒருத்தர் பொய் சொல்லிட்டு உள்ள போனா, நான் காலத்துக்கும் அந்தப் பொய்க்குள்ளயே இருக்கணும். இன்னொண்ணும் இருக்கு." அவள் உறையை உருவிச் சுருட்டினாள். "தூக்கத்துல நடந்ததுன்னா என் வீட்டுக்காரர் சும்மா செத்துப் போனார்னு ஆகிடும். இல்லையே. ஒருத்தர் நல்லது சொன்னார். நான் சரின்னு தலையாட்டினேன். நடுவுல அவர் போயிட்டார். உள்ளது உள்ளபடி இருக்கட்டும்."

மேடம் ஒரு தாளில் முகவரி எழுதிக் கொடுத்தார். அவள் வாங்கி மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஸ்கூட்டர் முதல் தடவை இருமியது, இரண்டாம் தடவை முனகியது, நாலாம் தடவை கிளம்பியது. முகப்பு விளக்கு எரிந்தது. வெயிலில் அது ஒரு வெளிறிய பொட்டாகத்தான் தெரிந்தது. ஆனால் தெரு முழுக்க அதுவே கண்ணில் பட்டது.

எதிர்ப்பக்கத்திலிருந்து காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பையை இடக்கைக்கு மாற்றினார். வலக்கையைத் தூக்கினார். ஐந்து விரலும் விரிந்து, குவிந்து, விரிந்தன.

உதிரிக்கு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து மடக்க வேண்டும் போலிருந்தது.

அவள் தலையாட்டினாள். "சரிங்கய்யா," என்றாள். முகவரித் தாள் கைப்பிடியோடு சேர்ந்து நசுங்க, மெதுவாக அவரைக் கடந்து போனாள்.

பெரியவர் நடு ரோட்டில் நின்று திரும்பிப் பார்த்தார். சிவப்புப் பின் விளக்கு எரிந்தபடியே போய்க்கொண்டிருந்தது. அணைக்கவில்லையே என்று அவர் கழுத்தை நீட்டினார். முனையில் ஒரு லாரி திரும்பியது.

உதிரி பாய்ந்து போய் அவர் தோளை வளைத்து ஓரத்துக்கு இழுத்தான். பையிலிருந்து இரண்டு தக்காளி உருண்டு ஓடின. லாரி அவற்றை அரைத்துவிட்டுப் போனது.

"விளக்கு எரியுதுப்பா, அந்தப் பொண்ணுக்கு," என்றார் பெரியவர், மூச்சிரைக்க.

"எரியட்டும்யா," என்றான் உதிரி. அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நீங்க முன்னாடி பார்த்துப் போங்க."